பாய்லரைக் கழுவின கை

ஜன்னலோரமா நகர்ந்து உக்காருங்க டீச்சர். எனக்கு இந்த மலை ரோட்டு வளைவெல்லாம் ஒண்ணும் பண்ணாது, நீங்கதான் மூஞ்சி வெளுத்துப்போய் இருக்கீங்க. எலுமிச்சம்பழத்தைக் கையில வச்சு சும்மா உருட்டிக்கிட்டே இருந்தா ஆகுமா? நகத்தால கீறுங்க. கீறி மோந்து பாருங்க. ஆங், அப்படி.

எலுமிச்சம்பழம் ரெண்டு வேலைக்கு ஆகும். ஒண்ணு வாந்திக்கு. இன்னொண்ணு கண்ணாடி கழுவ. சிரிக்காதீங்க, ஏழு வருஷம் கழுவியிருக்கேன். வீட்டு ஜன்னல் கண்ணாடி இல்ல. கொஞ்சம் கிட்ட வாங்க, முன் சீட்டுல தொப்பி வச்சவரு யாரோ என்னவோ. கஞ்சா குடிக்கிற கண்ணாடி.

பாத்தீங்களா, முந்தானையை இழுத்துக்கிட்டீங்க! நான் குடிக்கிறவ இல்ல டீச்சர். பீடி நாத்தமே எனக்கு ஆகாது. நான் கழுவுறவ. சவரியம்மான்னு வில்பட்டியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்த ரோட்டுல தைலமரத் தோப்புக்கு மேல ஒத்தையா ஒரு வீடு இருக்கும், ஓடு போட்டது. உலகநாதன் சார் வீடு. கப்பல்ல எஞ்சினியரா இருந்தவரு. முப்பது வருஷம் கடல்ல சுத்திட்டு, கடலே கண்ணுல படாத இடமா பார்த்து மலைக்கு வந்து உக்காந்துட்டாரு. சம்சாரம் தவறிப்போச்சு. ஒரே மகன், கனடாவுல. வீட்டு வேலை, சமையல், எல்லாம் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அலமாரியில இந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். முழங்கை உசரம். அடியில உருண்டையா தொந்தி, மேல நீளக் கழுத்து. தொந்தியில பக்கவாட்டுல ஒரு சின்னக் குழாய் சொருகியிருக்கும், அதோட மூக்குல ஒரு சின்னக் கிண்ணி. எனக்கு என்ன தெரியும்? வெளிநாட்டுப் பூச்சாடின்னு நினைச்சுட்டேன். தோட்டத்துல டேலியா பூத்திருந்துச்சு. நாலு பறிச்சு, தண்ணி ஊத்தி, அழகா சொருகி, நான் கொண்டுபோய் மாட்டின மாதா படத்துக்கு முன்னாடி வச்சுட்டேன். சார் வந்து பார்த்தாரு. பார்த்தாரு, பார்த்தாரு, அப்படியே சோபாவுல விழுந்து சிரிச்சாரு. இருமி இருமிச் சிரிச்சாரு. அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "இது பூச்சாடி இல்ல சவரி. இதுதான் என் பாய்லர்"ன்னாரு.

கிண்ணியில இலையை வச்சுப் பத்த வச்சு மேல இழுத்தா, புகை தண்ணிக்குள்ள முங்கி வருமாம். கொப கொபன்னு சத்தம் கேக்கும். தண்ணி சூட்டைப் பிடிச்சுக்கும், கசடைப் பிடிச்சுக்கும். "கஞ்சாவா சார்?"ன்னு கேட்டேன். "ஆமா"ன்னாரு. ஒளிவு மறைவு கிடையாது அவருக்கு. எனக்கும் அது அதிசயம் இல்ல. வீட்டுல என் புருஷன் குடிச்சுட்டு வந்து திண்டுக்கல் வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவான். இவரு குடிச்சுட்டு தோட்டத்துல குருவியைப் பார்த்து உக்காந்திருப்பாரு. நீங்களே சொல்லுங்க, எது தேவலை?

ஆனா ஒண்ணு. அவருக்குக் குடிக்கத் தெரியும், கழுவத் தெரியாது. எஞ்சினியருங்கிறதெல்லாம் பேருக்குத்தான். நாலு நாள் அதே தண்ணி. தண்ணி டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருக்கும், செத்த எலி நாத்தம். கழுத்துக்குள்ள கருப்பா பிசின் அப்பியிருக்கும். பொறுக்க மாட்டாம ஒரு நாள் நானே எடுத்துட்டுப் போயிட்டேன்.

கழுவுறதுன்னா லேசுன்னு நினைக்காதீங்க. சோப்பு போட்டீங்கன்னா அன்னிக்குப் பூரா புகையில சோப்பு வாடைதான். கொதிக்கிற தண்ணியை நேரா ஊத்தினா, நம்ம ஊர் குளிருக்கு, படார்னு விண்டுரும். முதல்ல குழாயையும் கிண்ணியையும் கழட்டி மருந்துக்கடை ஸ்பிரிட்டுல ஊறப் போடணும். கண்ணாடிக்குள்ள ரெண்டு கை கல் உப்பு போடணும். தூள் உப்பு ஆகாது, கரைஞ்சு போயிரும். கல் உப்புதான் உள்ள போய் தேய்க்கும். அது மேல ஸ்பிரிட்டு. ரெண்டு ஓட்டையையும் துணியால அடைச்சு, பிள்ளையைத் தோள்ல போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டணும். ஆட்ட ஆட்ட அந்தக் கருப்பு விடும் பாருங்க, மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. குழாய்க்குள்ள விடுறதுக்குப் பால்புட்டி பிரஷ் வாங்கி வச்சிருந்தேன். கடைசியில எலுமிச்சம்பழச் சாறு, அரிசி கழுவின தண்ணி, அப்புறம் பச்சைத்தண்ணியில மூணு அலசல். வெயில்ல கவுத்துட்டா வைரம் மாதிரி நிக்கும். தினம் தண்ணி மாத்தணும், வாரத்துக்கு ஒரு நாள் இந்தக் குளியல். ஏழு வருஷத்துல ஒரு கீறல் கிடையாது.

முதல் தடவை அப்படிக் கழுவி வச்ச அன்னிக்கு சார் அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. "முப்பது வருஷம் எத்தனையோ ஃபிட்டரைப் பார்த்திருக்கேன் சவரி. இப்படி ஒரு கையைப் பார்த்ததில்ல"ன்னாரு.

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல என் கையைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல டீச்சர். சோத்துல உப்பு இல்லைன்னா மட்டும்தான் கை இருக்கிறது தெரியும் அவங்களுக்கு.

சரி, கதைக்கு வாரேன். போன மார்கழியில சாருக்கு இருமல் பிடிச்சுச்சு. விடவே இல்ல. மதுரைக்குக் கூட்டிப் போய் படம் எடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் பாதி கருகிப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. புகையை இன்னிக்கே விட்டா இன்னும் பத்து வருஷம் இருக்கலாம், விடலைன்னா அடுத்த மார்கழியைப் பார்க்க மாட்டீங்கன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். டாக்டருங்க எதைத்தான் வேணாம்னு சொல்லல? உப்பு வேணாங்கிறாங்க, சர்க்கரை வேணாங்கிறாங்க. அதையெல்லாம் கேட்டா மனுசன் காத்தைத்தான் குடிக்கணும்.

மகன் அங்க இருந்தே ஏற்பாடு பண்ணி ஒரு நர்ஸை அனுப்பிச்சான். வீட்டோட தங்குற நர்ஸ். மார்த்தாண்டத்துக்காரி. பேரு கிரேஸ்லின். நாப்பது வயசு இருக்கும். நல்ல நிறம், நீளச் சடை. நான் அதையெல்லாம் கவனிக்கல, சும்மா சொல்றேன். ரெண்டு பெட்டியும் ஒரு மெஷினுமா வந்து இறங்கினா. ஆக்சிஜன் மெஷினு. கரண்டுல ஓடும். அதுல ஒரு பாட்டில் இருக்கும் டீச்சர், அதுல தண்ணி, தண்ணிக்குள்ள கொப கொபன்னு குமிழி வரும். எனக்குப் பார்த்த உடனே புரிஞ்சுபோச்சு. என் பாய்லருக்குப் போட்டியா ஒண்ணைக் கொண்டாந்திருக்கா! "குடும்மா, நான் கழுவித் தர்றேன்"ன்னு நல்ல மனசோடதான் கேட்டேன். "வேண்டாம் எக்கா, இதுக்கு வேற வெள்ளமாக்கும்"ன்னா. அவங்க ஊர்ல தண்ணிக்கு வெள்ளம். எனக்குத் தெரியாத தண்ணியா?

முதல் நாளே சார்கிட்ட என்னத்தச் சொன்னாளோ, அவரு பாய்லரை அவ கையில எடுத்துக் குடுத்துட்டாரு. என்னைக் கூப்பிட்டு, "இனிமே வேணாம் சவரி"ன்னாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் சொன்னாரு. இலை வச்சிருந்த பிஸ்கட் டப்பாவை என்கிட்ட குடுத்து, "எக்கா, இத அடுப்புல போட்டிருங்க"ன்னா அவ. போடல நான். வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள்ள வச்சேன். அவரு கை பட்ட டப்பா, எப்படிப் போட மனசு வரும்? பாய்லரை அவ சாமான் அறையில வச்சுப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா. ஒரு நாள் கதவு இடுக்கு வழியா பார்க்கிறேன், உள்ள கருப்புத் தண்ணி அப்படியே நிக்குது! பாசி பிடிச்சு, பிசின் காய்ஞ்சு. கழுவணும்னு ஒரு எண்ணம் இருக்கா பாருங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

பொறாமையா? எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவ யாரு, நான் யாரு? நேத்து வந்தவ. ஆனா வயிறு எரிஞ்சுச்சு, அது இல்லைன்னு சொல்ல மாட்டேன். காப்பி அவ போட்டா. சாருக்கு சாக்ஸ் அவ மாட்டிவிட்டா. நான் மாட்டுவேன், அவரு காலை உதறுவாரு, அவகிட்ட பச்சைப்பிள்ளை மாதிரி நீட்டுறாரு. விரல்ல ஒரு கிளிப்பை மாட்டி மூச்சு எப்படி இருக்குன்னு நம்பர் பார்ப்பா. வந்த அன்னிக்கு எண்பத்தொம்போது. ஒரு மாசம் கழிச்சுத் தொண்ணூத்தி நாலு. அன்னிக்கு ரெண்டு பேரும் பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி சிரிக்கிறாங்க. கேட் வரைக்கும் நடக்க முடியாதவரு, அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு தைலமரத் தோப்பு வரைக்கும் போயிட்டு வந்தாரு. ஏழு வருஷம் நான் கூப்பிட்டு ஒரு நாள் வந்ததில்ல.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் ஊசி போட்டா. அவருக்கு நரம்பு கிடைக்காது, ஆஸ்பத்திரியில நாலு தடவை குத்துவாங்க. இவ ஒரே குத்துல எடுத்துட்டா. நான் வாசப்படியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். சார் சொல்றாரு, "முப்பது வருஷம் கப்பல் பூரா சுத்தியிருக்கேன் கிரேஸ்லின். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்ல."

அதே வார்த்தை. எனக்குச் சொன்ன வார்த்தை.

கீரையை அப்படியே கோழிக்குப் போட்டேன்.

அவ சி.எஸ்.ஐ. சபைக்காரி. ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்குக் கோயிலுக்குப் போனா பதினொண்ணுக்குத்தான் வருவா. நான் ஆறு மணிப் பூசை பார்த்துட்டு வந்திருவேன். சாவி அவகிட்ட இருந்தா என்ன? அந்த அறைக் கதவோட கொக்கி லூஸுன்னு ஏழு வருஷமா எனக்குத் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை பாய்லரை வெளிய எடுத்தேன். நாப்பது நாள் அழுக்கு. ஸ்பிரிட்டு ஒரு பாட்டில் பூரா தீர்ந்துபோச்சு. ஆட்டி ஆட்டி தோள்பட்டை விட்டுப்போச்சு. ஆனா விடல நான். பளபளன்னு ஆக்கி, குளிர்ந்த தண்ணியை அளவா ஊத்தி, சார் படிக்கிற மேசையில கொண்டுபோய் வச்சேன். எப்படிக் கழுவியிருக்கேன்னு பார்க்கணும், அம்புட்டுதான். வேற ஒரு நினைப்பும் இல்ல எனக்கு.

சரி, டப்பாவையும் எடுத்துட்டுத்தான் போயிருந்தேன்.

சார் பார்த்தாரு. "எடுத்துட்டுப் போயிரு சவரி"ன்னாரு. நான் நகரல. "தண்ணியைப் பாருங்க சார், எம்புட்டுத் தெளிவா இருக்கு"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டாரு. "போயிரு சவரி, கும்பிடுறேன்"ன்னாரு. நான் கிண்ணியை நிரப்பி வச்சுட்டு, தீப்பெட்டியைப் பக்கத்துல வச்சுட்டு, நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தக் கொப கொபச் சத்தம் கேட்டுச்சு பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. குடிச்சு முடிச்சு என்னைப் பார்த்தாரு. "உன் கையே கை"ன்னாரு. கண்ணுல தண்ணி அவருக்கும்.

அடுத்த ஞாயிறும் வச்சேன். அப்புறம் அவ குளிக்கப் போற நேரம், கடைக்குப் போற நேரம். அவ வர்றதுக்குள்ள ஜன்னலைத் திறந்து, கழுவி, துடைச்சு, இருந்த இடத்துல வச்சிருவேன். அவளுக்குத் தெரியாம சாருக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு டீச்சர். அவ கிளிப்பை மாட்டிப் பார்த்து "என்னது சார், குறையுதே, குறையுதே"ன்னு பதறுவா. சார் என்னைப் பார்ப்பாரு, நான் சாரைப் பார்ப்பேன். தவக்காலம் அப்போ. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட கோவிச்சது, பொய் சொன்னது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லல. கழுவுறது என்ன பாவம்?

ஒரு நாள் கடைக்குப் போனவ குடையை மறந்துட்டேன்னு பாதியில திரும்பி வந்துட்டா. வீடு பூரா வாசனை. சார் மடியில பாய்லர். அப்படியே சுவர்ல சாய்ஞ்சு உக்காந்துட்டா அவ. "யாரு சார் எடுத்துத் தந்தது?"ன்னு கேட்டா. சார், "நானேதான் எடுத்தேன்"ன்னாரு. எனக்காகப் பொய் சொன்னாரு டீச்சர்! திரும்பவும் நடக்க முடியாமப் போனவரு, பூட்டின அறையில இருந்து தானே எடுத்தேன்னு சொல்றாரு. அவ நம்பல. சமையக்கட்டுக்கு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "எக்கா, நீங்க இது அறியாம செய்யுதீங்க. அவருக்கு இது விஷமாக்கும். நாம ரெண்டு பேருமா சேர்ந்து அவரக் கரையேத்துவோம்"ன்னு அழுதா. நடிப்பு. நான் கையை உருவிக்கிட்டேன்.

மறுநாள் மகன் போன்ல வந்தான், மூஞ்சி தெரியிற மாதிரி. அவதான் சொல்லியிருக்கா. அவன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க எங்க வீட்டு மனுசி, உங்களை நம்புறேன். அந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"ன்னான். "நர்ஸ்கிட்ட"ன்னேன். "வேற யார்கிட்டயாவது இருக்கா?" "இல்லப்பா, ஒரே சாவி"ன்னேன். இதுல பொய் எங்க இருக்கு? சாவி ஒண்ணுதான். அவன் அதுக்கு மேல கேக்கல, நானும் சொல்லல. அன்னிக்குச் சாயங்காலமே அவளை அனுப்பின ஆபீஸுக்குப் பேசி, கிளம்பச் சொல்லிட்டாங்க. சார் வேணாம் வேணாம்னு தலையை ஆட்டினாரு. இருமல்ல வார்த்தை வரல.

போறப்போ சண்டை போடுவான்னு முந்தானையைச் சொருகிக்கிட்டு நின்னேன். போடல. என்னை உக்கார வச்சு, மெஷினுக்குத் தண்ணி எப்படி மாத்தணும், கொதிக்க வச்சு ஆறின தண்ணிதான் ஊத்தணும், எந்தக் கோடு வரைக்கும் ஊத்தணும், எல்லாம் சொல்லிக் குடுத்தா. கிளிப்பை என் விரல்ல மாட்டிக் காட்டினா. "எண்பத்தெட்டுக்குக் கீழ போச்சுன்னா உடனே எனக்குப் போன் அடியுங்க எக்கா, எந்நேரம்னாலும்"ன்னு நம்பரைக் காலண்டர்ல எழுதி வச்சுட்டுப் போனா. பெரிய இவ. வீட்டை விட்டுப் போறப்பவும் அதிகாரம்.

அப்புறம் ஒரு மாசம் ராஜ்ஜியம் என்னுதுதான். காப்பி நான், சாக்ஸ் நான், ஊசிக்கு மட்டும் கம்பவுண்டர். பாய்லரை எடுத்து வைப்பேன், சார் சில நாள் தொடுவாரு, சில நாள் பார்த்துக்கிட்டே இருப்பாரு. பேச்சு குறைஞ்சுபோச்சு. கிளிப்பு எண்பத்தாறு காட்டுச்சு. காலண்டரைப் பார்த்தேன். அவகிட்டயா கேக்கணும்? மெஷின் பாட்டிலை எலுமிச்சை போட்டுப் பளிச்சுன்னு கழுவி மாட்டினேன். மறுநாள் எண்பத்தி மூணு. அவ நம்பர் எழுதின காலண்டரைத் திருப்பி மாட்டிட்டேன், கண்ணுல படாம இருக்கட்டும்னு. அதுக்கு அடுத்த நாள் காலையில சார் உதடு நாவப்பழம் தின்ன மாதிரி நீலமா இருந்துச்சு.

இப்ப மலை ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. மகன் வந்துட்டான். பக்கத்துலயே உக்காந்திருக்கான். அவனைக்கூட அடையாளம் தெரியல அவருக்கு. நாலு நாளோ அஞ்சு நாளோன்னு சொல்றாங்க.

நானா? மார்த்தாண்டத்துக்குப் போறேன். வத்தலக்குண்டுல இறங்கி மதுரை பஸ், அங்க இருந்து நாகர்கோவில், அப்புறம் விசாரிச்சுக்கணும். மகன்கிட்ட நாத்தனா வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். போன் அடிச்சுப் பார்த்தேன், என் குரலைக் கேட்டதும் வச்சுட்டா. அதான் நேர்ல. மன்னிப்பா? நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? வான்னு கூப்பிடுவேன். வரலைன்னா கால்ல விழுவேன், அது வேற.

ஏன்னா கேக்குறீங்க? நேத்து மத்தியானம் அவரு கண்ணைத் திறக்காமலே "கிரேஸ்லின்"ன்னு கூப்பிட்டாரு டீச்சர். அவ பேருக்கு நான் எதுக்குப் போகணும்னு போர்வையை மடிச்சேன். திரும்பவும் கூப்பிட்டாரு. மூணாவது தடவை அந்தப் பேரைப் பாதி சொல்லிட்டு, மீதியைச் சொல்ல மூச்சு வரல அவருக்கு, மார்பு ஏறி ஏறி இறங்குது. என்னால பார்க்க முடியல. "இந்தா, இங்கதான் இருக்கேன் சார்"ன்னு கையைப் பிடிச்சேன். அவ பேசுற மாதிரியே பேசினேன். கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கிட்டாரு.

அப்போ இருந்து இன்னிக்குக் காலையில பஸ் ஏறுற வரைக்கும் அந்தப் பேருக்கு நான்தான் போய் நின்னேன். சவரின்னு கூப்பிட்டா அரை மூச்சுல முடிஞ்சிரும் டீச்சர். இருக்கிற மூச்சையெல்லாம் செலவு பண்ணி அவரு அந்த நீளப் பேரைத்தான் கூப்பிடுறாரு.